பிரகாசமான கை டோர்ச்சை எடைபோடும் முறை

கடையில் டோர்ச்சை வாங்கி ஒரு விநாடி சுவரில் அடித்துப் பார்த்து, பெட்டியில் அச்சிடப்பட்ட லூமன் (வெளிவரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) எண்ணையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதே நம்மில் பலரது வழக்கம். ஆனால் கந்தளாய்ப் பக்கம் வயல் கொட்டிலில் யானைக்குக் காவலிருப்பவருக்கும், விடியுமுன் நிலாவெளிக் கரையிலிருந்து படகு இறக்குபவருக்கும் முதல் விநாடியின் வெளிச்சத்தால் பெரிய பயனில்லை. அரைமணி நேரம் எரிந்த பின்னும் எவ்வளவு வெளிச்சம் எஞ்சுகிறது என்பதே ஒரு டோர்ச்சின் உண்மையான தகுதி என்பது என் உறுதியான எண்ணம். கீழே முதலில் வருபவை அதைக் கண்டறிவதற்கானவை; தூரம், நிறம், நீர்த்தாங்கும் திறன் ஆகியவை அதன் பின்.

முதலில் பற்றரியின் கணக்கைப் பார்க்க வேண்டும், ஏனெனில் விளம்பரம் எதைச் சொன்னாலும் பற்றரியில் இல்லாத சக்தி வெளிச்சமாக வெளிவராது. இப்போது பரவலாக வரும் 21700 வகைப் பற்றரி ஒன்றின் கொள்ளளவு பொதுவாக 5000 மில்லிஅம்பியர் மணி, அதை 3.6 வோல்ற்றால் பெருக்கினால் 18 வாற் மணி கிடைக்கும். நல்ல எல்.ஈ.டி. டோர்ச் ஒன்று, வில்லையிலும் மின்சுற்றிலும் ஏற்படும் இழப்புகள் போக, ஒரு வாற்றுக்குச் சுமார் 100 லூமன் தரும் என்று கொண்டால், அந்தப் பற்றரியால் 1800 லூமனை ஒரு மணி நேரமோ, 600 லூமனை மூன்று மணி நேரமோதான் தர முடியும். ஆகவே ஒற்றைப் பற்றரியில் 3000 லூமன் மூன்று மணி நேரம் எரியும் என்று பெட்டி சொன்னால், அது பற்றரியில் உள்ளதைப் போல் ஐந்து மடங்கு சக்தியைக் கேட்கிறது. சற்றுச் சிறிய 18650 வகையில் 9900 மில்லிஅம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பதும் நம்பத் தகாதது; அந்த அளவிலான உண்மையான பற்றரிகளில் பெரும்பாலானவை 3600 அளவோடு நின்றுவிடுகின்றன. அவற்றின் எடை ஏறத்தாழ 45 முதல் 50 கிராம் வரை இருக்கும் என்பதால், சிறிய டிஜிட்டல் தராசில் வைத்து 30 கிராம்தான் காட்டுகிறதென்றால் அதை வாங்காமல் விடுவதே நல்லது.

தரமான நிறுவனங்கள் பின்பற்றும் எஃப்.எல்.1 என்ற அமெரிக்க அளவீட்டு நியமம் 2009 இல் வெளியானது. அதன்படி வெளிச்சம் அளக்கப்படுவது டோர்ச்சை ஏற்றிய 30 விநாடி முதல் இரண்டு நிமிடத்துக்குள். எரியும் நேரம் என்பதோ வெளிச்சம் தொடக்க அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையான நேரம். எனவே 3000 லூமனில் தொடங்கி, சூடேறியதால் மூன்று நிமிடத்தில் 800 ஆகத் தாழ்ந்து, பிறகு 300 வரை மெல்ல இறங்கும் டோர்ச்சும் நியமத்தை மீறாமலே பெரிய எண்களைப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம். இந்த இறக்கம் குற்றமன்று. மின்சக்தியின் பெரும்பகுதி வெப்பமாக மாறுவதால், நமது புழுக்கமான இரவுகளில் உள்ளங்கை அளவு அலுமினிய உடலொன்று 1000 லூமனுக்கு மேல் நெடுநேரம் தாங்குவது அரிது. எவ்வளவு இறங்கி எங்கே நிலைகொள்கிறது என்பதைத்தான் அறிய வேண்டும்.

அதற்கு அன்ட்ரொயிட் கையடக்கத் தொலைபேசியும் லக்ஸ் அளவு (ஓரிடத்தில் விழும் வெளிச்சம்) காட்டும் இலவசச் செயலி ஒன்றும் போதும். இரவில் சிறிய அறையொன்றின் கதவை மூடி, மின்விசிறியை நிறுத்தி, முழுதாகச் சார்ஜ் செய்த டோர்ச்சை வெள்ளைக் கூரைத்தட்டை நோக்கி நிறுத்தி, தொலைபேசியைச் சற்றுத் தள்ளித் தரையில் வைத்து, அரை நிமிடம், 5, 10, 30, 60 நிமிடம் என்று அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டு வீடாக இருந்தால் மேலே வெள்ளைத் துணியொன்றைக் கட்டிக்கொள்ளலாம். இடையில் தொலைபேசியை அசைத்துவிட்டால் கணக்குக் கெட்டுவிடும். இந்த எண்கள் லூமன் அல்ல. ஆனால் முதல் அளவில் எத்தனை பங்கு எஞ்சுகிறது என்பதை நேர்மையாகக் காட்டிவிடும். இரண்டு டோர்ச்சுகளை ஒப்பிடுபவர் இரண்டையும் ஒரே அறையில், ஒரே இடத்தில் வைத்துச் சோதிப்பது அவசியம்.

வெளிச்சம் எவ்வளவு தூரம் பாயும் என்பது வேறு கேள்வி. டோர்ச்சிலிருந்து சரியாக 5 மீற்றர் தூரத்தில், கற்றையின் நடுவில் தொலைபேசியைப் பிடித்து லக்ஸ் அளவை எடுத்து, அதை 25 ஆல் பெருக்கினால் கண்டெலா, அதாவது கற்றையின் செறிவு, வரும். அதன் வர்க்கமூலத்தின் இருமடங்கே நியமப்படியான தூரம். 400 லக்ஸ் என்றால் 10,000 கண்டெலா, அதாவது 200 மீற்றர். ஆனால் அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், அதாவது தெளிந்த வானத்து முழுநிலவின் ஒளியளவுதான்; அந்த ஒளியில் புதரருகே நிற்பது மாடா யானையா என்று பிரித்தறிவது கடினம். ஆகவே சொல்லப்படும் தூரத்தில் பாதியையே நான் பயனுள்ள தூரமாகக் கொள்வேன். 800 மீற்றர் என்று விளம்பரம் சொன்னால், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தின் இருமடங்குக்கும் அது மேல் என்பதை நினைத்துப் பார்க்கலாம். வயலுக்கும் கடலுக்கும் ஒடுங்கிய கற்றை பொருந்தும். வீட்டுக்கும் ஒழுங்கைக்கும் அகன்று பரவும் ஒளியே வேண்டும். மாரி மழையில் அகன்ற ஒளி துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பிவரும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒளியின் நிறத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அது மிக முக்கியமாகப் படுகிறது. வெள்ளை எல்.ஈ.டி. என்பது நீல ஒளி தரும் சிறு மின்னணுச் சிப்பின் மேல் மஞ்சள் பூச்சிட்டது. மலிவானவற்றில் நீலம் மிகுந்து சிவப்புக் குறைவதால், சருகும் மண்ணும் அவற்றின் மேல் கிடக்கும் புடையன் பாம்பும் ஒரே சாம்பலாகத் தெரியக்கூடும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை 100 வரை அளக்கும் நிறங்காட்டும் சுட்டெண் 90 அளவிலும், ஒளி மஞ்சள் சார்ந்ததா நீலம் சார்ந்ததா என்பதைச் சொல்லும் நிற வெப்பநிலை 4000 முதல் 5000 கெல்வின் வரையிலும் உள்ளதைத் தேடுவது நன்று. அதனால் லூமன் சற்றுக் குறையும். அந்த இழப்பு ஏற்கத்தக்கது. காய்ந்த இலை, பச்சை இலை, செத்தல் மிளகாய் மூன்றையும் தரையில் பரப்பி இரவில் ஒளி பாய்ச்சினால் வேறுபாடு உடனே விளங்கும்.

அடுத்தது நீர்த்தாங்கும் திறன்; அதைப் பெட்டியில் ஐ.பி.எக்ஸ். என்ற தரக்குறியீடு சொல்லும். ஐ.பி.எக்ஸ்.4 தெறிக்கும் நீரை மட்டுமே தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது, அதுவும் நன்னீரில். பற்றரி கழற்றக்கூடிய டோர்ச்சானால், பற்றரியை எடுத்துவிட்டு மெல்லிய கடதாசியைச் சுருட்டி உள்ளே வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி, கடதாசி நனைந்ததா என்று பார்க்கலாம். கடலுக்குக் கொண்டுபோனால் திரும்பியதும் நன்னீரில் கழுவி, துடைத்து, புரியிலுள்ள றப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் பூச வேண்டும். உப்பு புரிக்குள் தங்கினால் மூடியைத் திருகவே முடியாமல் போகும்.

ஈரக் கையால் ஆளியை அழுத்திப் பார்த்து, மிகக் குறைந்த வெளிச்சத்துக்கு நேரே போக முடிகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் துளை யூ.எஸ்.பி. சி வகையானாலும், இரு முனையும் சி வகையாக உள்ள வயரில் ஏற்க மறுக்கும் டோர்ச்சுகள் உண்டு. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் வந்தது போன்ற 13 மணி நேர மின்வெட்டில், கையிலுள்ள பவர் பேங்கில் அது ஏறுகிறதா என்பதைக் கடையிலேயே செருகிப் பார்த்துவிடலாம்.