அயர்லாந்துத் திருவிழாக்களுக்குப் பயணம்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்துக்குச் செல்ல நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் டப்ளின், மோஹர் பாறைமுகடுகள், கில்லார்னி ஏரிகள் என்று பார்க்க வேண்டிய இடங்களை எழுதி முடித்துவிட்டு, நடுவில் எங்கே ஒரு நாள் காலியாக இருக்கிறதோ அங்கே ஒரு திருவிழாவைச் செருகிவிடுகிறார்கள். திருவிழாவுக்காகவே போகிறோம் என்றால் இந்த வரிசை தலைகீழானது. அந்நாட்டின் நல்ல விழாக்கள் பலவும் பெருநகரங்களில் நடப்பதில்லை. ஒரே ஒரு கடைத்தெருவும் சில பப்களும் ஒரு தேவாலயமுமாக ஆண்டு முழுவதும் அமைதியாக இருக்கும் ஊர்களில் நடக்கின்றன. பாறைமுகடுகளை எந்த மாதத்திலும் போய்ப் பார்க்கலாம். விழா வாரத்தில் அந்தச் சிற்றூரில் ஓர் அறை கிடைப்பதுதான் அரிது. எனவே விழாவை முதலில் முடிவு செய்து, தங்குமிடத்தை உறுதிப்படுத்திய பிறகே மற்ற இடங்களைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தேதியைச் சரிபார்க்காமல் சென்ற ஆண்டின் நாட்காட்டியை நம்புவது அடுத்த தவறு. விழாக்களின் தேதிகள் ஒரே விதியில் அமைவதில்லை. புனித பேட்ரிக் நாள் மார்ச் 17, ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நாவலைக் கொண்டாடும் டப்ளினின் புளூம்ஸ் டே ஜூன் 16, கெர்ரி மாவட்டத்தின் கில்லார்க்ளின் ஊரில் ஒரு மலை ஆட்டுக்கு முடிசூட்டும் பக் சந்தை ஆகஸ்ட் 10 முதல் 12 வரை. இவை எந்தக் கிழமையில் வந்தாலும் தேதி மாறாது. (2022இல் வெயில் கடுமையானபோது, உயரமான மேடையில் நிறுத்தப்பட்டிருந்த அந்த ஆட்டை இறக்க வேண்டியதாயிற்று, ஆட்டை அப்படி நிறுத்துவது சரிதானா என்ற கேள்வி அங்கேயே பலமாக எழுப்பப்படுகிறது.) வேறு சில விழாக்கள் கிழமையைப் பிடித்துக்கொண்டவை. கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பேயில் நடக்கும் மரபிசை விழாவான வில்லி கிளான்சி கோடைக்காலப் பள்ளி ஜூலையின் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. கார்க் ஜாஸ் விழா அக்டோபர் கடைசித் திங்களன்று வரும் பொது விடுமுறையை ஒட்டிய வார இறுதியில் நடக்கிறது.

இந்த இரண்டு வகையிலும் அடங்காமல், ஊரையே மாற்றிக்கொள்ளும் விழாவும் ஒன்று உண்டு. ஆகஸ்டில் நடக்கும் ஃப்ளா கியோல், அயர்லாந்தின் மரபிசைக்கான மிகப்பெரிய கூடல். 1951இல் மல்லிங்காரில் தொடங்கிய இவ்விழா, ஓர் ஊரில் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் நடந்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்கிறது. ட்ரோஹெடா, மல்லிங்கார், வெக்ஸ்ஃபோர்டு என்று நகர்ந்து வந்த இதன் 2026ஆம் ஆண்டு விழாவுக்குப் பெல்ஃபாஸ்ட் தேர்ந்தெடுக்கப்பட்டது. இங்கேதான் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பெரிய பிழை ஒளிந்திருக்கிறது.

பெல்ஃபாஸ்ட் இருப்பது வட அயர்லாந்தில். அதாவது பிரிட்டனின் ஆட்சிப்பகுதியில். டப்ளினில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான நேரத்தில் போய்விடலாம், எல்லையில் வழக்கமான சோதனைச் சாவடியும் கிடையாது என்பதால், அயர்லாந்து விசாவே போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். சோதனை இல்லை என்பதற்காக அனுமதி தேவையில்லை என்றாகிவிடாது. இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள், பிரிட்டிஷ்–ஐரிஷ் விசாத் திட்டத்தின் குறிப்பான ‘பிஐவிஎஸ்’ தங்கள் விசாவில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அது இருந்தால் ஒரே விசாவில் இரு பகுதிகளுக்கும் செல்லலாம், ஆனால் விசா வழங்கிய நாட்டுக்குள்தான் முதலில் நுழைய வேண்டும். அதே போல, ஐரோப்பா முழுவதற்கும் ஒரே விசா என்ற நினைப்பில் ஷெங்கன் விசாவோடு டப்ளினில் இறங்குவதும் நடக்காது. அயர்லாந்து ஷெங்கன் நாடுகளில் ஒன்று அல்ல. பயணத் தேதிக்கு 3 மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் அதைத் தள்ளிப்போட வேண்டாம். பெல்ஃபாஸ்டில் செலவுக்கு யூரோ அல்ல, பவுண்டு.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, வரைபடத்தில் பக்கமாகத் தெரிவதை நம்பக் கூடாது. டப்ளினிலிருந்து கால்வேக்கும் கார்க்குக்கும் ரயிலில் செல்வது எளிது. ஆனால் மில்டவுன் மால்பேக்கு ரயிலே கிடையாது. அவ்வழியே ஓடிய மேற்கு கிளேர் ரயில் பாதை 1961இல் மூடப்பட்டுவிட்டது. எனிஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து பேருந்தையோ வாடகைக் காரையோ பிடிக்க வேண்டும். இத்தகைய ஊர்களுக்குப் பேருந்துகள் மாலையோடு நின்றுவிடும். இசையோ இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். ஆகவே இருபது கிலோமீட்டர் தள்ளி மலிவாக அறை எடுத்துவிட்டு, இரவில் டாக்சி பிடித்துத் திரும்பிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்கள், நடுச்சாமத்தில் தெருவில் நிற்க நேரும். விழா நடக்கும் ஊரிலேயே நடந்து போகும் தூரத்தில் தங்குவதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்செலவு அல்ல.

இனி இசை. மேடையையும் நிகழ்ச்சி நிரலையும் மட்டும் பார்த்து இசை விழாவைத் திட்டமிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு என்பது என் கருத்து. ஐரிஷ் மரபிசையின் உயிர் ‘செஷன்’ எனப்படும் கூட்டு வாசிப்பில் இருக்கிறது. பப்பின் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி ஃபிடில் (வயலின்), புல்லாங்குழல், கான்செர்ட்டினா என்னும் சிறிய கைத்துருத்திக் கருவி ஆகியவற்றை வாசிப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்; ஒருவர் ரீல் என்னும் வேகமான நடன மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், பெயர் அறிவிக்காமலே இரண்டு மூன்று மெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வாசிக்கப்படும். இல்லன் பைப்ஸ் என்னும் ஐரிஷ் பைக்குழலை வாசிப்பவர் வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்கு அடியில் கட்டிய துருத்தியால் காற்றை ஏற்றி, இடது கைக்கு அடியில் இருக்கும் பையை அழுத்தி, குழலின் அடிமுனையைத் தொடையில் கட்டிய தோல் துண்டின் மீது வைத்து அடைத்தும் திறந்தும் சுரங்களைத் துண்டுபோடுவார். இதை இரண்டு அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்கும் அரங்கின் இருபதாவது வரிசையிலிருந்து பார்ப்பதற்கும் வேறுபாடு மிகப் பெரியது; முதலாவதற்குக் கட்டணமும் இல்லை.

ஆனால் அந்த மூலைக்கென்று நடைமுறைகள் உண்டு. காலியாகத் தெரியும் நாற்காலி வரவிருக்கும் இசைக்கலைஞருக்கு ஒதுக்கப்பட்டதாக இருக்கலாம். கேட்காமல் உட்காரக் கூடாது. சபாக்களில் தொடையில் தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு, கூடவே கைதட்டுவது பாராட்டாகத் தோன்றும். இங்கே ஓசை எழத் தட்டினால் வாசிப்பவர்களின் லயம் குலையும். மெட்டு முடிந்த பிறகு தட்டினால் போதும். ஒருவர் துணைக்கருவி இல்லாமல் ஷான் நோஸ் என்னும் பழைய மரபுப் பாணியில் பாடத் தொடங்கினால் பப் முழுவதும் அடங்கிவிடும். அப்போது மது கேட்டுக் குரல் கொடுப்பதோ செல்பேசியை நீட்டுவதோ அநாகரிகம். பவுரான் என்னும் தோல்கருவியைக் கடையில் புதிதாக வாங்கிக்கொண்டு நேரே செஷனுக்குள் நுழைவதையும் தவிர்க்கலாம்: ஏற்கெனவே ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தால் இரண்டாவதை யாரும் வரவேற்பதில்லை.

குழந்தைகளோடு செல்வோர் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்துக் குடியரசில் 18 வயது நிரம்பாதவர்கள் இரவு 9 மணிக்குப் பிறகும், மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்குப் பிறகும் மதுக்கூடத்தில் இருக்க முடியாது. ஆகவே குடும்பத்தோடு இசை கேட்க விரும்புபவர்களுக்குப் பிற்பகல் செஷன்களே பொருத்தம். விழா வாரங்களில் அவை தாராளமாகக் கிடைக்கும். ஃப்ளா கியோலில் தெருமுனைகளில் சிறுவர் சிறுமியரே வட்டமாக நின்று வாசிப்பதைப் பகல் முழுவதும் கேட்கலாம்.

மரபிசைக்காக மார்ச் 17 அன்று டப்ளினுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அணிவகுப்பு கண்ணுக்கு விருந்துதான். ஆனால் குளிரில் மணிக்கணக்கில் நடைபாதையில் இடம்பிடித்து நிற்க வேண்டும். பப்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதியில் அன்று இசையைவிடக் கூச்சலே அதிகம். அந்த நாளில்தான் செல்வது என்றால் டிங்கிள் போன்ற சிற்றூர் மேல். அங்கே குழலும் முரசுமாக அணிவகுப்பு விடியற்காலை 6 மணிக்கே இருட்டில் புறப்பட்டுவிடும்.

உணவு விழாக்களில் பருவம் அறியாமல் போவதே ஏமாற்றத்துக்குக் காரணம். 1954 முதல் கால்வேயில் நடந்துவரும் சிப்பி விழா செப்டம்பர் இறுதியில் அமைந்திருப்பது காரணத்தோடுதான்: உள்ளூர்த் தட்டைச் சிப்பிகள் கோடையில் இனப்பெருக்கம் செய்வதால் அவற்றின் பருவம் செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஜூலையில் அதே ஊரில் தட்டில் வருவது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த பசிபிக் சிப்பியாக இருக்கும். சைவ உணவினர் காய்கறி சூப் என்றாலும் கோழிச்சாறு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. காலை உணவுத் தட்டில் கறுப்பாக இருக்கும் ‘பிளாக் புடிங்’ பன்றி இரத்தத்தில் செய்யப்படுவது. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வெண்ணெயும் சேர்த்து மசித்த கோல்கேனன், சோடா ரொட்டி ஆகியவை பசியாற்றும். பல பப்களில் சமையலறை இரவு 9 மணிக்கெல்லாம் மூடப்படும் என்பதால், இசை கேட்ட பிறகு சாப்பிடலாம் என்றிருந்தால் உருளை வறுவல் பொட்டலம்தான் கிடைக்கும்.

கடைசியாக, இரண்டு வாரங்களில் ஐந்து விழாக்களைத் தொட்டுவிட வேண்டும் என்ற பேராசை. மில்டவுன் மால்பேயில் முதல் இரண்டு நாட்கள் முகம் பழகுவதிலேயே போய்விடும். எந்தப் பப்பில் யார் வாசிக்கிறார்கள் என்பது மூன்றாம் நாளில்தான் பிடிபடும், அப்போது கிளம்புவது வீண். ஜூலையில் செல்பவர்களுக்கு இரண்டு விழாக்கள் இயல்பாகப் பொருந்தும்: முதல் வாரம் முழுவதும் கிளேரில் கழித்துவிட்டு, எனிஸிலிருந்து ரயிலில் கால்வே சென்று, மாத நடுவில் தொடங்கி இரண்டு வாரம் நடக்கும் கலைவிழாவைப் பார்க்கலாம். கால்வேயில் அறை கிடைக்காவிட்டால் ரயிலில் சிறிது நேரத்தில் போய்வரக்கூடிய ஏதென்ரியில் தங்கலாம். கலைவிழா முடிந்த மறுநாளே, ஜூலையின் கடைசித் திங்களன்று, அதே நகரில் ஒரு வாரக் குதிரைப் பந்தயம் தொடங்கி அறை வாடகை எகிறிவிடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை மாலையே புறப்படும்படி டிக்கெட் எடுத்துக்கொள்வது நல்லது.