ட்ராவல் ட்ரெய்லரின் கழிவுநீர்த் தொட்டிகள்: காலி செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ முதன்முறையாக ட்ராவல் ட்ரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) எடுப்பவர்களின் கவலையெல்லாம் அதை இழுத்துக்கொண்டு ஓட்டுவதிலும் ரிவர்ஸ் எடுப்பதிலும்தான் இருக்கும். கழிவுநீர்த் தொட்டியின் நினைவு கடைசி நாள் காலையில், கழிவைக் காலி செய்யும் இடமான டம்ப் ஸ்டேஷன் வரிசையில் நிற்கும்போதுதான் வருகிறது. பெரும்பாலான தவறுகள் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ட்ரெய்லரில் பொதுவாக மூன்று தொட்டிகள் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர். சமையலறை சிங்க், வாஷ்பேசின், ஷவர் தண்ணீரெல்லாம் க்ரே டேங்கில் சேரும். டாய்லெட்டிலிருந்து வருவது பிளாக் டேங்குக்குப் போகும். நடுத்தர ட்ரெய்லரில் கழிவுத் தொட்டி ஒவ்வொன்றும் 30 முதல் 40 கேலன், அதாவது சுமார் 113 முதல் 151 லிட்டர் வரை பிடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி கேட் வால்வு (கைப்பிடியை இழுத்தால் திறக்கும், உள்ளே தள்ளினால் மூடும்) இருந்தாலும், பெரும்பாலான மாடல்களில் இரண்டும் 3 அங்குல வெளிக்குழாய் ஒன்றில்தான் சேர்கின்றன. தள்ளிவிட பம்ப் கிடையாது. தொட்டியின் அடிப்பகுதியும் ஏறக்குறைய மட்டமாகத்தான் இருக்கும். வால்வைத் திறந்ததும் பாயும் தண்ணீரின் வேகம்தான் கெட்டிக் கழிவை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கீழே வரும் தவறுகளில் பல, இந்தத் தண்ணீரைக் குறைப்பதால் வருபவை.

பிளாக் வால்வைத் திறந்தே வைப்பது

முகாமில் தண்ணீர், மின்சாரத்தோடு சாக்கடை இணைப்பும் சேர்ந்த முழு ஹூக்கப் இடம் கிடைத்ததும், ஹோஸை மாட்டி இரண்டு வால்வையும் இழுத்துவிட்டு, வீட்டு டாய்லெட் போலவே பயன்படுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மிகப் பெரிய சேதம் இதில்தான் வருகிறது. ஒவ்வொரு ஃப்ளஷிலும் தண்ணீர் மட்டும் உடனே வடிந்துவிடும். மலமும் பேப்பரும் டாய்லெட்டுக்கு நேர் கீழே விழுந்த இடத்திலேயே தங்கும். அடுத்தது அதன் மேல் விழும். சில நாளில் கூம்பு போலக் குவிந்து, காய்ந்து இறுகி, மேல்பக்கக் குழாயையே அடைத்துவிடும். பிறகு தொட்டி காலியாக இருந்தாலும் டாய்லெட்டில் தண்ணீர் இறங்காது.

பிளாக் வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும். குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகே திறக்க வேண்டும். அதற்கு முன்பே ஊர் திரும்ப வேண்டியிருந்தால், டாய்லெட் வழியாகத் தண்ணீர் ஊற்றி அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத் திறக்கவும்.

க்ரே வால்வைத் திறந்து வைப்பதில் இந்த ஆபத்து இல்லை. ஆனாலும் கிளம்புவதற்கு முந்தைய நாள் அதை மூடி, குளித்த தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாக் டேங்க் காலியான பின் ஹோஸைக் கழுவித் தருவது அந்த சோப்புத் தண்ணீர்தான்.

தண்ணீரைச் சிக்கனம் பிடிப்பது

யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் முழு ஹூக்கப் உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க் (ஆர்வி என்பது ட்ரெய்லர் உள்ளிட்ட நடமாடும் வீடுகளின் பொதுப்பெயர்) ஒன்றுதான். யோசெமிட்டி பூங்காவின் முகாம்களில் ஹூக்கப்பே கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் நல்ல தண்ணீரும் குறைவு, கழிவுத் தொட்டியில் இடமும் குறைவு. அதனால் ஃப்ளஷுக்குக் கை தானாகவே சுருங்கும். சிக்கனத்தை ஷவரிலும் பாத்திரம் கழுவுவதிலும் காட்டுங்கள். டாய்லெட்டில் காட்ட வேண்டாம். மலம் கழித்த பின் டாய்லெட்டின் ஃப்ளஷ் பெடலை உடனே விட்டுவிடாமல், சில நொடிகள் அழுத்தியபடி தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும்.

அதைவிட முக்கியம், பயணம் தொடங்கும் முன்பே பிளாக் டேங்கில் 3 முதல் 5 கேலன் தண்ணீர் ஊற்றி வைப்பது. கடையில் கிடைக்கும் 5 கேலன் வாளியில் முக்கால் வாளிக்கு மேல் ஊற்றினால் போதும். தொட்டியின் அடி நனைந்திருந்தால்தான் கழிவு ஒட்டாமல் மிதந்து கரையும். ஒவ்வொரு முறை காலி செய்த பிறகும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான்.

பேப்பர் விஷயத்தில், ஆர்விக்கென்று விற்கும் விலை கூடிய ரோல்தான் வேண்டும் என்பதில்லை. மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி, நாலைந்து தாள்களைப் போட்டுக் குலுக்குங்கள். தாள் இழை இழையாகப் பிரிந்தால் பயன்படுத்தலாம். முழுத் தாளாகவே நின்றால் வேண்டாம். ஈரத் துடைப்பான்கள், உறையில் ஃப்ளஷ் செய்யலாம் என்று போட்டிருந்தாலும், தொட்டிக்குள் போகவே கூடாது.

டம்ப் ஸ்டேஷனில்

வண்டியை, வெளிக்குழாய் தரையிலுள்ள துளைக்குப் பக்கத்தில் வரும்படி நிறுத்துங்கள். ஹோஸ் நீளமாக இழுபட்டு நடுவில் தொய்ந்தால் கழிவு அங்கேயே தேங்கும். கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு வால்வுக் கைப்பிடியும் முழுக்க உள்ளே இருக்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். வெளிக்குழாய் மூடியைத் திறக்கும் முன் அடியில் ஒரு வாளி வையுங்கள். வால்வின் ரப்பர் சீல் தேய்ந்திருந்தால் உள்ளே கசிந்து நிற்பது மூடியைத் திருகியதுமே கொட்டும். வாளி இல்லாதவர்களின் செருப்பு நனைவது இந்த நொடியில்தான்.

முதலில் ஹோஸின் மறுமுனையைத் துளையில் பொருத்துங்கள். அதன் எல்போவில் (வளைந்த முனையில்) மரை இருந்தால் திருகுங்கள். இல்லையென்றால் மேலே கனமாக ஏதாவது வையுங்கள். பாய்ச்சல் தொடங்கும்போது ஹோஸ் துள்ளி வெளியே வரக்கூடும். பிறகு ட்ரெய்லர் முனையை மாட்டித் திருப்புங்கள். அதன் கொக்கிகள் எல்லாம் வெளிக்குழாயின் காதுகளில் சிக்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சிக்கினாலும் மாட்டியது போலவே தெரியும், ஆகவே இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

பிளாக் வால்வை முதலில், ஒரே இழுப்பில் முழுவதும் திறக்கவும். பயந்து பாதி திறந்தால் வேகம் போய்விடும், கெட்டியானது வால்வின் விளிம்பில் சிக்கும். ட்ரெய்லர் முனையில் கண்ணாடி போன்ற எல்போ போட்டிருந்தால் வருவது தெரியும். சத்தம் ஓய்ந்து சொட்டாகும் வரை பொறுத்திருந்து மூடவும். இரண்டு வாளித் தண்ணீரை டாய்லெட்டில் ஊற்றி மறுபடி ஒருமுறை திறந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு க்ரே. இந்த வரிசையை மாற்றினால் ஹோஸில் கடைசியாக ஓடியது மலநீராக இருக்கும். அதைத்தான் மடித்து ட்ரெய்லரில் வைக்க வேண்டிவரும்.

கழற்றும்போது ட்ரெய்லர் முனையை முதலில் கழற்றி, உயர்த்திப் பிடித்தபடி துளையை நோக்கி நடந்தால் மிச்சம் இறங்கிவிடும். அங்கே ஹோஸ் கழுவ ஒரு குழாய் இருக்கும்; குடிக்கத் தகாதது என்று எழுதியிருப்பார்கள். பலர் கழுவிய ஹோஸ் அதில் உரசியிருக்கும், ஆகவே குடிநீருக்கான வெள்ளை ஹோஸை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தொட்டியைக் கழுவும் குழாய்

சில ட்ரெய்லர்களில் பிளாக் டேங்கை உள்ளிருந்து பீய்ச்சிக் கழுவ வெளியே ஒரு ஹோஸ் இணைப்பு இருக்கும். வால்வு மூடியிருக்கும்போது அதில் தண்ணீரைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போனால், தொட்டி நிரம்பி, கூரையிலுள்ள காற்றுக்குழாய் வழியாகவோ டாய்லெட் வழியாகவோ கழிவு மேலே வரும். தொட்டியே பிளந்துபோவதும் உண்டு. தண்ணீர் ஓடும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.

காட்டி, நாற்றம், சமையல்

சுவரிலுள்ள பலகை காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுசு என்று விளக்கு காட்டும். பல ட்ரெய்லர்களில் இது தொட்டிச் சுவரில் பதித்த உலோக முனைகளை வைத்து அறியப்படுகிறது. ஒரு முனையில் ஈரப் பேப்பர் ஒட்டிக்கொண்டால், காலித் தொட்டியும் முழுசு என்று காட்டும். ஆகவே விளக்கை மட்டும் நம்பாமல் எத்தனை பேர், எத்தனை நாள் என்றும் கணக்கு வையுங்கள். ஃப்ளஷ் செய்யும்போது டாய்லெட்டில் குமிழி விட்டால் பிளாக் நிரம்பிவிட்டது. ஷவர் தரையில் தண்ணீர் ஏறினால் க்ரே நிரம்பிவிட்டது.

டாய்லெட் நாற்றத்துக்குக் கூரை மின்விசிறியைப் போட்டபடி ஃப்ளஷ் செய்வது வழக்கமான தவறு. விசிறி உள்ளே காற்றழுத்தத்தைக் குறைப்பதால், டாய்லெட் திறந்த கணத்தில் தொட்டியின் வாயு அறைக்குள் இழுக்கப்படும். விசிறியை நிறுத்திவிட்டு ஃப்ளஷ் செய்து, பெடல் மூடிய பிறகு போடுங்கள்.

நம் சமையலுக்கு க்ரே டேங்கில் தனிக் கவனம் வேண்டும். தாளித்த எண்ணெய், சாம்பார்ப் பருப்பு, சோற்றுக் கஞ்சி எல்லாம் உள்ளே போய்ப் படிந்து புளித்தால், பிளாக் டேங்கைவிட மோசமாக நாறும். வாணலியையும் தட்டையும் பேப்பரால் துடைத்துக் குப்பையில் போட்டபின் கழுவுங்கள். சிங்கில் வலைவடிகட்டி போடுங்கள். க்ரே தண்ணீர்தானே என்று புல்லில் திறந்துவிடவும் கூடாது. தேசியப் பூங்காக்களில் ட்ரெய்லர் கழிவை அதற்கான இடம் தவிர வேறெங்கும் வடிப்பது விதிமீறல். உணவு வாசனை விலங்குகளையும் முகாமுக்கு இழுத்துவரும்.

ஃபார்மால்டிஹைடு கலந்த தொட்டி மருந்துகளைத் தவிருங்கள். கேம்ப்கிரவுண்டின் செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை அவை கொன்றுவிடும். என்சைம் வகை மருந்து போதும், அதுவும் தண்ணீர் இருந்தால்தான் வேலை செய்யும். பிளாக் டேங்கில் ப்ளீச் ஊற்றவே வேண்டாம். சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

நிரம்பிய தொட்டியோடு நெடுஞ்சாலையில் ஏறுவதும் சரியல்ல. 40 கேலன் தண்ணீர் சுமார் 334 பவுண்டு, 151 கிலோ. தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் இந்த எடை ஹிட்ச் (இழுக்கும் வண்டியோடு ட்ரெய்லரை இணைக்கும் கொக்கி) மீதான பாரத்தைக் குறைத்து ட்ரெய்லரை ஆட வைக்கும். பக்கத்திலேயே டம்ப் ஸ்டேஷன் இருந்தால் அங்கேயே காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏற்கெனவே கூம்பு உருவாகிவிட்டதென்றால் கம்பியால் குத்த வேண்டாம். தொட்டியில் ஓட்டை விழும். வால்வை மூடி, தொட்டியை முக்கால்வாசிக்கு மேல் தண்ணீரால் நிரப்பி, என்சைம் மருந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு முழுவதும் திறக்கவும். ஒரே தடவையில் போகாவிட்டால் திரும்பச் செய்யவும். உறைபனிக் காலத்தில் வால்வு அசையாவிட்டால் கைப்பிடியைப் பலங்கொண்டு இழுக்காதீர்கள். கம்பியோ கேபிளோ அறுந்தால், தொட்டி நிரம்பியிருக்கும்போதே வால்வை மாற்ற வேண்டிவரும். ஹேர் ட்ரையரால் வால்வை மெல்லச் சூடாக்கி, அது தானாக இளகும்வரை காத்திருங்கள்.