வளவில் பயற்றங்காய்: ஊன்றுவதிலிருந்து ஆய்வது வரை

தோலோடு சமைக்கும் பட்டாணியை, கடைகளில் ஸ்னோ பீஸ் என்று விற்பதை, வன்னியில் வளர்க்கலாமா? கொடி வரும், காய்தான் வராது. அதற்கு நுவரெலியாக் குளிர் வேண்டும். பகல் வெப்பம் 27 பாகை செல்சியசைத் தாண்டினால் பூ உதிரத் தொடங்கும். நம் தை மாத வெயிலே அதைத் தாண்டிவிடும். அதேபோலப் பிஞ்சிலேயே தோலோடு சமைக்க, வெயிலுக்கு அஞ்சாத பயற்றங்காய் இருக்கிறது. நான்கு பேருள்ள வீட்டுக்குப் பத்துக் குழி, குழிக்கு இரண்டு கொடி போதும்.

காலமும் குழியும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊன்றினால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். மார்கழிக் கடைசி முதல் தை முடியும் வரை நல்ல காலம். மண்ணில் ஈரம் இருக்கும், பூக்கும் நேரத்தில் வானம் வெளித்திருக்கும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் சித்திரையிலும் ஊன்றலாம். ஆனால் பின்னால் வரும் சோளகக் காற்று கொடியைக் காயவைக்கும், தடியையும் சாய்க்கும். தென்மேற்குப் பக்கம் வேலியோ சுவரோ உள்ள இடமாகப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும்.

குழி ஓரடி அகலம், ஓரடி ஆழம். குழிக்குக் குழி ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை மூன்றடி. காய்ந்த செம்மண் கல்லாய் இறுகியிருக்கும், முதல் நாளே தண்ணீர் விட்டு ஊறவைத்து வெட்டுங்கள். குழிக்கு ஒரு சின்னக் கடகம், அதாவது இரண்டு மூன்று கிலோ, உக்கிய மாட்டெரு போட்டு மேல்மண்ணோடு கலந்து மூடுங்கள். கரையோர மணலுக்கு இதைப்போல் இரண்டு மடங்கு. பச்சைச் சாணம் வேண்டாம்: வேரைச் சுடும், கறையானையும் கூப்பிடும்.

யூரியாவைக் கண்டால் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள். பயற்றின் வேரிலுள்ள முடிச்சுகள் காற்றிலிருந்தே நைதரசனை எடுத்துக் கொடுக்கும். மேலும் போட்டால் கொடி கரும்பச்சையாய்த் தழைத்து, பூவில்லாமல் நிற்கும். வளவில் இடமில்லாதவர்கள் பழைய உரப்பையின் அடியில் நாலைந்து துளை போட்டு, முக்கால்வாசி நிரப்பி இரண்டு கொடி வளர்க்கலாம்.

ஊன்றலும் தடியும்

குழிக்கு நான்கு விதை, ஓரங்குல ஆழம். மண் ஈரமாக இருந்தால் ஊறவைக்கத் தேவையில்லை. காய்ந்திருந்தால் நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். இரவு முழுக்க ஊறினால் தோல் வெடித்து அழுகும். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். முளையை மயில் கொத்தாமல் முள்ளு அலம்பலால் பத்து நாள் மூடி வையுங்கள். குரங்குக்கு இது பயன்படாது, அதற்கு ஆள் நடமாடும் குசினிப் பக்கம் ஊன்றுவதுதான் ஓரளவு காவல்.

இரண்டு வாரத்தில் நல்ல இரண்டை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் ஆடும். அதற்குள் ஏழடித் தடி நட்டிருக்க வேண்டும். பச்சைக் கதியாலை அப்படியே நட்டால் அது வேர்விட்டுத் தண்ணீரில் பங்கு கேட்கும், காய்ந்த தடியையே எடுங்கள். கொடி தடி உச்சியைத் தொட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும்.

தண்ணீர் செம்மண்ணுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை, மணலுக்குத் தினமும். பூக்கத் தொடங்கியதும் குழிக்கு அரை வாளி, அடியில் மட்டும். பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும், அந்த நேரத்தில் மேலே தெளிக்கக் கூடாது.

கெடுவது எங்கே

முதல் மாதத்தில் கன்று காரணமில்லாமல் மஞ்சளித்தால் அடித்தண்டைப் பாருங்கள். வீங்கி வெடித்திருந்தால் போஞ்சி ஈயின் புழு உள்ளே இருக்கிறது. முழுதும் வாடியதைப் பிடுங்கி எரியுங்கள். மற்றவற்றின் அடிக்கு நான்கு விரல் உயரம் மண் அணையுங்கள், வெடிப்புக்கு மேலே புது வேர் விட்டுத் தப்பும்.

நுனியில் கருப்பாய் அப்பிக் கிடப்பது அழுக்கணவன் பூச்சி. எறும்பு ஏறினாலே அது வந்துவிட்டது என்று பொருள். கொஞ்சமாக இருந்தால் விரலால் நசுக்குங்கள், பரவினால் வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடித்து, சில துளி சவர்க்காரக் கரைசல் கலந்து பின்னேரம் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். வாரம் ஒருமுறை போதும். இலை திட்டுத்திட்டாய் மஞ்சளித்துச் சுருண்டால் அது வைரசு, எந்த மருந்துக்கும் கேட்காது. அந்தக் கொடியை அன்றே அகற்றுங்கள். பூக்கள் நூலால் பின்னியதுபோல் ஒட்டிக் கிடந்தால் காய்ப்புழு, அந்தப் பூக்கொத்தைக் கையால் எடுத்துவிடலாம்.

ஆய்தல்

ஊன்றி ஐம்பது நாளளவில் முதல் காய். பூத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில், பென்சில் பருமனில், விதை வெளியே புடைக்கும் முன் ஆய வேண்டும். ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும், வளைந்தால் பிந்திவிட்டது. அதை விட்டுவைப்பது இன்னும் தவறு: விதை முற்றத் தொடங்கியதும் கொடி தன் வேலை முடிந்தது என்று பூப்பதை நிறுத்திவிடும். வேண்டாத காயானாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆய்ந்து கொண்டே இருங்கள்.

இழுத்துப் பிடுங்காதீர்கள். காய்கள் சோடியாய்த் தொங்கும் காம்பின் நுனியில் சின்ன மொட்டுகள் இருக்கும், அடுத்த காய் அதே காம்பில்தான். காம்பை ஒரு கையால் பிடித்து, காயை மட்டும் திருகி எடுங்கள். இப்படிக் கவனித்தால் நான்கு முதல் ஆறு வாரம் காய்க்கும்.

விதைக்கு வேண்டுமானால் நோயில்லாத கொடியில் மூன்று காயை நூல் கட்டி அடையாளம் வைத்து, வைக்கோல் நிறமாகும் வரை விடுங்கள். உடைத்து, நன்றாய்க் காயவைத்து, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்தால் வண்டு பிடிக்காது.