ஒரே பெயர், ஒரே பட்டப்பெயர்: ஐரோப்பியப் பிரபுக்களைக் குழப்பாமல் பிரிப்பது எப்படி

யாழ்ப்பாண அரசர்களைப் பற்றிக் கொஞ்சமாவது வாசித்தவர்களுக்கு இந்தக் கரைச்சல் புதிதில்லை. செகராசசேகரன், பரராசசேகரன் என்று இரண்டே இரண்டு சிம்மாசனப் பெயர்கள், ஆரியச் சக்கரவர்த்திகள் அவற்றை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள், ஆகவே "செகராசசேகரன் காலத்தில்" என்று யாராவது எழுதினால் எந்தச் செகராசசேகரன் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். சங்கிலியும் அப்படித்தான். 1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்களைக் கொல்வித்த சங்கிலி வேறு, 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவில் மரண தண்டனை பெற்ற சங்கிலி வேறு. பேச்சுவாக்கில் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

இடைக்கால ஐரோப்பா இதைவிட மோசம். அங்கே ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக்காட்டத்தான் பட்டப்பெயரே வந்தது, ஆனால் அந்தப் பட்டப்பெயரும் ஒன்றாகவே இருந்தால் என்ன செய்வது? வினாடிவினாவுக்கு ஆயத்தம் செய்கிற பிள்ளைகள், தமிழில் வரலாற்றுக் கட்டுரை எழுதுகிறவர்கள், இரவில் சும்மா ஆர்வத்தில் தேடித்தேடி வாசிக்கிறவர்கள், எல்லாரும் ஒருநாள் இந்தக் குழியில் விழத்தான் செய்வார்கள். ஆகவே நான் பிரித்தெடுக்கும் முறையை எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, பெயரைப் பார்த்ததும் ஒரு கொப்பியை எடுத்து அந்த ஆள் இறந்த ஆண்டையும் அவருடைய ஊரையும் எழுதுங்கள். பிறந்த ஆண்டு வேண்டாம். அந்தக் காலத்துக் குழந்தை பிறந்ததை யாரும் பெரிதாகக் குறித்துவைக்கவில்லை, பெரிய பிரபுக்களுக்கே பிறந்த ஆண்டு "ஏறத்தாழ" என்றுதான் வரும். இறந்த நாள் அப்படியில்லை. மடாலயங்களில் ஆண்டுதோறும் அந்த நாளில் ஆன்மாவுக்காகப் பூசை வைக்க வேண்டியிருந்ததால் துறவிகள் அதை ஏட்டில் கவனமாகப் பதிந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டு என்போம், அதில் மற்ற விவரம் எது பிழையானாலும் திதி பிழையாகாது, அதே கதைதான்.

இது எவ்வளவு தூரம் உதவும் என்று பார்க்க "நீள்வாள் வில்லியம்" என்ற பெயரை எடுங்கள். எனக்குத் தெரிந்து நான்கு பேர் இருக்கிறார்கள். 942இல் பிக்கினி என்ற இடத்தில் சமாதானம் பேச என்று கூப்பிட்டுக் கொல்லப்பட்ட நோர்மண்டி ஆட்சியாளர் ஒருவர். 1177இல் அஸ்கலோனில் நோய்வாய்ப்பட்டு இறந்த மொன்ஃபெராத் வில்லியம் இன்னொருவர், இவர் ஜெருசலேம் இளவரசி சிபில்லாவைக் கட்டி ஓராண்டு முடியுமுன்பே போய்ச்சேர்ந்தவர், மகன் ஐந்தாம் போல்ட்வின் தகப்பன் செத்த பிறகுதான் பிறந்தான். மூன்றாமவர் 1226இல் இறந்த சாலிஸ்பரி ஏர்ல் (ஏர்ல் என்பது இங்கிலாந்தில் ஒரு பிரபுப் பதவி), இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். நான்காமவர் அவருடைய மகன், 1250இல் எகிப்தில் மன்சூராப் போரில் விழுந்தவர். 942, 1177, 1226, 1250. இந்த நான்கு எண்களையும் ஒருமுறை எழுதிவிட்டால் முதல் இரண்டு பேரைப் பிறகு மாற்றிக் குழப்பவே ஏலாது.

தகப்பனும் மகனும்தான் மிச்சம். இங்கே பதவியைப் பாருங்கள். தகப்பன் வில்லியம் ஏர்ல் ஆனது மனைவி எலாவின் வழியாக, சாலிஸ்பரி அந்த அம்மாவின் சொத்து. கணவன் போன பிறகும் அவர் கனகாலம் இருந்தார், லேகொக் என்ற இடத்தில் கன்னியர் மடம் கட்டி அதன் தலைவியாகவும் ஆனார், மகன் எகிப்தில் செத்த பிறகும் உயிரோடிருந்தார். அதனால் மகனுக்கு அந்தப் பதவி முறைப்படி வந்துசேரவே இல்லை. 1215இன் மாக்னா கார்ட்டா என்ற உரிமைப் பட்டயத்தில் "சாலிஸ்பரி ஏர்ல் வில்லியம்" என்று வந்தால் அது தகப்பன்தான். இந்த மனிதரின் கல்லறை சாலிஸ்பரித் தேவாலயத்தில் இருக்கிறது, 1791இல் அதைத் திறந்தபோது மண்டையோட்டுக்குள் ஒரு எலி செத்துக் காய்ந்து கிடந்தது, அதன் உடலில் ஆர்சனிக் இருந்தது. எலி இப்போது அந்த ஊர் அருங்காட்சியகத்தில். ஏர்லுக்கு நஞ்சு வைத்தார்கள் என்ற பழைய கதைக்கு இது சாட்சி என்று சிலர் குதிப்பார்கள், நான் அந்த எலியை நம்பி ஒன்றும் எழுதமாட்டேன்.

சரி, அடுத்தது எண். "முதலாம், இரண்டாம் என்று எண் போட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே" என்று கனபேர் நினைக்கிறார்கள். தீராது. எண் ஆளுக்குரியது அல்ல, நாட்டுக்குரியது. ஒரே ஆள் ஒரு நாட்டில் மூன்றாமவர், அடுத்த நாட்டில் முதலாமவர்.

இதில் மோசமான கூத்து "அழகன் பிலிப்". பிரான்ஸ் அரசர் அழகன் பிலிப் 1285இல் அரியணை ஏறி 1314இல் இறந்தார், டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்த் துறவி வீரர்களைப் பிடித்து எரித்தவர் இவர்தான். பிரான்சில் இவர் நான்காம் பிலிப், மனைவி வழியாக வந்த நவார் நாட்டில் முதலாம் பிலிப், அந்த மனைவியின் பெயர் ஜோன். இன்னொரு அழகன் பிலிப் ஹப்ஸ்பர்க் குடும்பத்துக்காரர், 1478இல் பிறந்து 1506இல் இறந்தார், பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸின் தகப்பன். பர்கண்டி டியூக் வரிசையில் இவரும் நான்காம் பிலிப், மனைவி வழியாக வந்த காஸ்டில் நாட்டில் இவரும் முதலாம் பிலிப், மனைவியின் பெயர் ஹுவானா, அதாவது அதே ஜோன். பெயர், பட்டப்பெயர், இரண்டு எண், மனைவி பெயர், எல்லாமே ஒன்று! இங்கே உங்களைக் காப்பாற்றப் போவது 1314, 1506 என்ற இரண்டு எண்கள் மட்டும்தான்.

அல்போன்சோவும் அப்படியே. "கற்புடைய இரண்டாம் அல்போன்சோ" என்று தேடினால் 842இல் இறந்த அஸ்டூரியாஸ் அரசரும் வருவார், 1196இல் இறந்த அரகொன் அரசரும் வருவார். நடுவில் மூன்றரை நூற்றாண்டு. அரகொன்காரருக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள், ஆகவே பட்டப்பெயரைச் சொல்லுக்குச் சொல் நம்பவேண்டாம்.

ஆண்டுகள் நெருங்கி வந்தால்? அப்போது தகப்பனையும் தாயையும் மனைவியையும் எழுதாமல் வேலை நடக்காது. இதற்கு "கொடியவன் பெட்ரோ" இருவரையும் விட நல்ல பயிற்சி கிடையாது. போர்த்துக்கல்லின் முதலாம் பெட்ரோ 1357 முதல் 1367 வரை ஆண்டார். காஸ்டிலின் பெட்ரோ 1350இல் வந்து 1369இல் போனார். பத்தாண்டு காலம் பக்கத்துப் பக்கத்து நாடுகளில் இரண்டு பெட்ரோ, இரண்டு பேருக்கும் கொடியவன் என்று பட்டம் தெளித்திருக்கிறார்கள், இரண்டு பேரையும் நீதிமான் என்று புகழ்ந்தவர்களும் உண்டு. உறவைப் பார்த்தால்தான் தெளிவு வரும்: காஸ்டில் பெட்ரோவின் தாய் மரியா, போர்த்துக்கல் பெட்ரோவின் கூடப்பிறந்தவள். அதாவது ஒருவர் தாய்மாமன், மற்றவர் மருமகன். மாமன், மருமகன் என்று கொப்பியில் இரண்டு சொல் எழுதிவிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

கதையும் அப்போது நேராகிவிடும். மாமன் இளவரசராக இருந்தபோது காதலித்த இனேஸ் தெ காஸ்ட்ரோவை 1355இல் மாமனுடைய தகப்பன், நான்காம் அபோன்சோ, ஆள்விட்டுக் கொல்வித்தார். கொன்றவர்கள் காஸ்டிலுக்கு ஓடினார்கள். மாமன் அரசரானதும் மருமகனோடு பேசி, உன் நாட்டிலிருந்து இங்கே ஓடிவந்தவர்களை நான் தருகிறேன், என் ஆட்களை நீ தா என்று ஒரு பரிமாற்றம் செய்துகொண்டார். மூன்று பேரில் ஒருவர் தப்பிவிட்டார், அகப்பட்ட இரண்டு பேரின் இருதயத்தையும் பிடுங்கியெடுக்க வைத்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இனேஸும் மாமனும் அல்கோபாசா மடாலயத்தில் எதிரெதிர்க் கல்லறைகளில் கிடக்கிறார்கள். ஆகவே காதல், இருதயம், கல்லறை என்று வந்தால் அது மாமன்.

மருமகன் கதை வேறு. அவருக்குத் தகப்பன் வழியில் ஒரு மாற்றாந்தாய் அண்ணன்-தம்பி கூட்டமே இருந்தது, அதில் ஹென்றி என்பவர் 1369இல் மொன்தியேல் என்ற இடத்தில் இவரைக் கொன்றுவிட்டு அரியணையில் ஏறினார். கொடியவன் என்ற பெயரை ஊர் ஊராகப் பரப்பியதில் வென்றவர்களுக்கு நல்ல இலாபம் இருந்தது என்பதையும் மனதில் வையுங்கள். இது போதாது என்று அதே நேரம் அரகொனிலும் ஒரு பெட்ரோ, நான்காமவர், 1387 வரை ஆண்டவர். காஸ்டில் பெட்ரோவுக்கும் இவருக்கும் 1356இல் தொடங்கிய சண்டையின் பெயரே "இரு பெட்ரோக்களின் போர்". அந்தப் பெயரைக் கண்டதும் போர்த்துக்கல்காரரை அதற்குள் இழுத்துவிடாதீர்கள்.

சில பட்டப்பெயர்களே வழியும் காட்டும். "இளைய லூயி" என்று இருந்தால் தகப்பனும் லூயி என்று அர்த்தம், உடனே தகப்பனைத் தேடுங்கள். 882இல் இறந்த இளைய லூயியின் தகப்பன் ஜெர்மானியன் லூயி, 1180இல் இறந்த இளைய லூயி பிரான்சின் ஏழாம் லூயி, தகப்பன் ஆறாம் லூயி. "துணிந்த பிலிப்" இருவரில் 1285இல் இறந்தவர் பிரான்ஸ் அரசர், 1404இல் இறந்தவர் பர்கண்டி டியூக், பதினான்கு வயதில் புவாத்தியே போர்க்களத்தில் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்ற பையன். முன்னவர் பின்னவருடைய பூட்டனின் தகப்பன், ஆகவே வம்ச வரைபடத்தில் இரண்டு பேரும் ஒரே கோட்டில் மேலும் கீழுமாக வருவார்கள், வடிவாகப் பார்க்காவிட்டால் கண் தடுமாறும்.

"சிங்கம் ஹென்றி" இரண்டு பேர்: 1195இல் இறந்த சாக்சனி டியூக், 1329இல் இறந்த மெக்லன்பர்க் பிரபு. முன்னவரோடு மோதி 1160இல் செத்த நிக்லொட் என்ற ஸ்லாவியத் தலைவரின் வழிவந்தவர்தான் பின்னவர். "போர்க்குணம் கொண்ட பிரெடரிக்" என்றால் 1246இல் லைத்தா ஆற்றுப் போரில் இறந்த ஆஸ்திரியா டியூக்கும் 1428இல் இறந்த சாக்சனிக்காரரும். "பெரிய ஹியூ" என்றால் 956இல் இறந்த பிரபு, 1101இல் சிலுவைப்போர் வழியில் தார்சுஸில் இறந்த வெர்மண்டுவா கவுண்ட், 1109இல் இறந்த குளூனி மடத்துத் தலைவர். ஜெர்மனியில் ரொய்ஸ் என்றொரு குடும்பம் ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஹென்றி என்றே பெயர் வைத்து எண் போட்டுக்கொண்டே போனது, ஒரு கிளையில் நூறு வரை போய்த் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆறுதலாகப் போங்கள்.

எழுதும்போது முதல் தடவை முழு விலாசத்தையும் கொடுங்கள்: "பர்கண்டி டியூக் துணிந்த பிலிப் (இ. 1404)" என்று. பிறகு அந்தக் கட்டுரை முழுக்க "பர்கண்டி பிலிப்" என்றே கூப்பிடுங்கள். ஒரு பந்தியில் துணிந்த, அடுத்ததில் தைரியசாலி, மூன்றாவதில் வீரமிக்க என்று மாற்றி மாற்றி அலங்காரம் செய்தால் வாசிக்கிறவர் மூன்று ஆள் என்று நினைப்பார்.

கடைசியாகப் படம். தேடுபொறி பெயரை மட்டும் பார்த்துப் படத்தைத் தூக்கித்தரும், நான்கு வில்லியமுக்கும் ஒரே படம் வந்தாலும் ஆச்சரியமில்லை. கேடயத்தைப் பாருங்கள். நீலத்தில் ஆறு பொன்சிங்கம் என்றால் சாலிஸ்பரி ஏர்ல், கல்லறைச் சிலையிலும் அதே கேடயம்தான், தகப்பனின் தகப்பனான அஞ்சூ ஜெஃப்ரியிடமிருந்து வந்தது. குடும்பச் சின்னம் பொறிக்கும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டில்தான் வேர்பிடித்தது, ஆகவே 942இல் இறந்தவருக்குச் சின்னம் பொறித்த கேடயத்தோடு ஒரு படம் கிடைத்தால் அது பிற்காலத்தவர் கற்பனை. அவருக்கு இணையத்தில் அதிகம் கிடைப்பது ஃபலேஸ் நகரத்துச் சிலையின் படம், அது 19ஆம் நூற்றாண்டு வேலை. அதைப் போடுவதென்றால் சிலையின் காலத்தையும் படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள்.