ஒரு பாட அலகை மூடிலுக்கும் கைபேசிக்கும் ஏற்ப மாற்றியமைப்பது எப்படி: வன்னியில் கற்பிப்போருக்கான வழிகாட்டி

2021 ஆகஸ்ட் 1 ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக மலர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ளன. இங்கெல்லாம், பாடக் குறிப்பையும் தேர்வையும் இணையத்தில் வைக்க உதவும் மூடில் போன்ற கற்றல் முகாமைத் தளங்கள் விரிவுரையாளருக்குப் புதியவை அல்ல. 2020 ஆம் ஆண்டின் கொரோனா முடக்கத்தில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்தும் இணையவழிக்கு மாறியபோது, எல்லோரும் அவற்றைப் பழகிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆயினும் அன்று நடந்தது பெரும்பாலும் மண்டபத்தில் பேசியதையே கணினிக்கு முன்னால் அமர்ந்து பேசியதுதான். இன்றும் பல பாடநெறிகளின் மூடில் பக்கம் பீடிஎப் கோப்புகளை அடுக்கிவைக்கும் அலுமாரியாகவே இருக்கிறது. மாணவர் எதை விளங்கிக்கொள்ளவில்லை என்பதைப் பரீட்சைக்கு முன்பே விரிவுரையாளருக்குக் காட்டுவதே தொழினுட்பம் தரக்கூடிய பெரிய உதவி என்பது என் உறுதியான கருத்து. அந்த உதவியைப் பெறுவதற்கு, முழுப் பாடநெறியையும் ஒரேயடியாக மாற்ற முயலாமல், மாணவர் ஆண்டுதோறும் தடுமாறும் ஒரேயொரு அலகைத் தெரிந்தெடுத்துத் தொடங்குங்கள்.

முதலில் மாணவரின் நிலையை அறிய வேண்டும். இதற்கு இணையப் படிவத்தை அனுப்பாதீர்கள். இணைப்பு இல்லாதவரின் பதில் அதில் வராது, வந்த பதில்களைப் பார்த்து எல்லோருக்கும் வசதி இருப்பதாக நாம் நம்பிவிடுவோம். முதல் விரிவுரையிலேயே ஒரு தாளைக் கொடுத்து, சொந்தமாக இருப்பது கைபேசியா மடிக்கணினியா, வார நாட்களில் எங்கே தங்குகிறார், வார இறுதியில் ஊரில் சிக்னல் வீட்டுக்குள் கிடைக்கிறதா அல்லது வீதிக்கு வரவேண்டுமா, மாதம் எவ்வளவு டேட்டா வாங்க முடிகிறது என்று கேளுங்கள். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள தன் வீட்டுக்குப் போகும் ஒரு மாணவிக்குச் சனி, ஞாயிறு இரு நாட்களும் இணைப்பு இல்லை என்று தெரியவந்தால், ஞாயிறு நள்ளிரவை ஒப்படைக்கான இறுதி நேரமாக வைப்பது அநீதி என்பது தானே விளங்கும். மாணவர் விடுதிக்குத் திரும்பிய பின் வரும் செவ்வாய் மாலையை வைத்தால் அந்தச் சிக்கலே எழாது.

அடுத்தது பாடப்பொருளின் பருமன். பத்து நிமிட விளக்கத்தைச் செக்கனுக்கு 32 கிலோபிற்று அளவில் ஒலியாகப் பதிந்தால் அது 2.4 மெகாபைற்று மட்டுமே வரும். அதையே 300 கிலோபிற்று அளவில் காணொளியாக்கினால் ஏறத்தாழ 22 மெகாபைற்று. கைபேசிக் கமரா பதிந்ததை அப்படியே ஏற்றினால் அதிலும் பல மடங்கு. ஆகவே வரைபடமோ செய்முறையோ கண்ணால் பார்த்தே தீரவேண்டிய இடத்துக்கு மட்டும் காணொளியை வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒலிப்பதிவாகவும் ஓரிரு பக்கக் குறிப்பாகவும் கொடுங்கள். காணொளியும் குறுகியதாக இருக்கட்டும். எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தின் பாடநெறிகளில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014 இல் வெளிவந்த ஆய்வு, நீளம் ஆறு நிமிடத்தைத் தாண்டிய காணொளிகளில் மாணவரின் ஈடுபாடு குறைந்துவிடுவதைக் காட்டியது. குறிப்பைத் தமிழில் எழுதுபவர்கள் பாமினி எழுத்துருவைக் கைவிட்டு, யுனிகோட் என்னும் பொது எழுத்துக் குறியீட்டுக்கு வந்துவிட வேண்டும். பாமினியில் தட்டச்சிட்ட கோப்பைக் கைபேசியில் திறந்தால் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும், தேடவும் முடியாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவர் பயன்படுத்தும் திரை வாசிப்பானும் அதைத் தமிழாக வாசிக்காது. போரின் காயங்களோடு படிக்க வந்தவர்கள் இருக்கும் மண்ணில் இது சிறிய விடயமன்று. அதே காரணத்துக்காக, பழைய குறிப்புகளைப் படம்பிடித்துப் பீடிஎப் ஆக்கி ஏற்றுவதையும் நிறுத்தவேண்டும்.

இனி அலகின் நடுப்பகுதிக்கு, அதாவது வினாத்தேர்வுக்கு, வருவோம். நேரத்தின் பெரும்பகுதியை இங்கேதான் செலவிட வேண்டும். ஒரு பாடத்தை மறுபடி மறுபடி வாசிப்பதைவிட, நினைவிலிருந்து மீட்டு விடை எழுதிப் பார்ப்பது நீண்டகாலம் மனதில் நிற்க உதவுகிறது என்பதை 2006 இல் உளவியலாளர்களான றோடிகர், கார்பிக்கே ஆகியோர் நடத்திய சோதனைகள் காட்டின. எனவே மூடிலின் வினாத்தேர்வை மாணவருக்குப் பயிற்சியாகவும் நமக்கு நோயறியும் கருவியாகவும் வைத்துக்கொள்ளலாம். பிழையான விடைகளை எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் அதன் பயன் தங்கியிருக்கிறது.

நீர்ப்பாசனம் பற்றிய அலகை எடுத்துக்கொள்வோம். வினா இது: "கசிவையும் ஆவியாதலையும் கணக்கில் எடுக்காமல், 2 ஹெக்டேயர் வயலில் நீர் மட்டத்தை 5 சென்ரிமீற்றரால் உயர்த்த எத்தனை கன மீற்றர் நீர் வேண்டும்?" 2 ஹெக்டேயர் என்பது 20,000 சதுர மீற்றர், 5 சென்ரிமீற்றர் என்பது 0.05 மீற்றர், ஆகவே சரியான விடை 1,000 கன மீற்றர். பிழையான மூன்று விடைகளையும் வாய்க்கு வந்தபடி வைக்காமல், மாணவர் உண்மையில் விடும் தவறுகளிலிருந்து பெறவேண்டும். ஹெக்டேயரை 1,000 சதுர மீற்றர் என்று எண்ணியவருக்கு 100 வரும். சென்ரிமீற்றரைப் பத்தால் வகுத்து மீற்றர் ஆக்கியவருக்கு 10,000 வரும். சென்ரிமீற்றரை மீற்றராக மாற்றவே மறந்தவருக்கு 1,00,000 வரும். ஒவ்வொரு விடைக்கும் தனித்தனிப் பின்னூட்டம் எழுத மூடிலில் இடம் உண்டு. "பிழை" என்று மட்டும் எழுதாமல், 10,000 ஐத் தெரிந்தவருக்கு "ஒரு மீற்றரில் எத்தனை சென்ரிமீற்றர் என்று மறுபடி பாருங்கள்" என்று எழுதினால், விடையை நாம் சொல்லிவிடாமலே அவர் திருத்திக்கொள்வார். கணிப்பு வகை வினாவைத் தெரிந்தால், பரப்பளவும் ஆழமும் மாணவருக்கு மாணவர் வேறுபடும்படி தளமே எண்களை மாற்றித் தரும். விடையை வட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்வதால் பயனில்லாமல் போகும்.

இணைப்பு விட்டுவிட்டு வரும் இடங்களுக்காக மூடிலின் கைபேசிச் செயலியில் ஓர் அருமையான வசதி உண்டு. வினாத்தேர்வின் அமைப்புகளில், செயலியின் வழியாக இணைப்பின்றி விடையளிக்க அனுமதிக்கும் தெரிவை இயக்கிவிட்டால், மாணவர் விடுதியில் வினாக்களை இறக்கி, வீட்டில் விடையளித்து, சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். இதற்கு நேரக் கட்டுப்பாடு வைக்கக்கூடாது. பின்னூட்டமும் அனுப்பிய பிறகே கிடைக்கும்படி அமைக்கவேண்டும். பயிற்சித் தேர்வுக்கு இவை இரண்டும் குறையே அல்ல. செயலியின் அணுகலைத் தளத்தின் நிர்வாகி திறந்துவைத்திருக்க வேண்டும் என்பதால், அலகைத் தொடங்குமுன் கணினிப் பிரிவில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

விரிவுரைக்கு முந்திய மாலையில் தேர்வின் புள்ளிவிபர அறிக்கையைத் திறந்து பாருங்கள். எந்த வினாவில் எத்தனை வீதத்தினர் சரியாக விடையளித்தனர், எந்தப் பிழையான விடையை எத்தனை பேர் தெரிந்தனர் என்பவை அதில் இருக்கும். பெரும்பாலானோர் 10,000 ஐத் தெரிந்திருந்தால், மறுநாள் பேசவேண்டியது நீர்ப்பாசனக் கோட்பாட்டை அல்ல, அளவை அலகுகளின் மாற்றத்தை. ஒரு மணி நேர விரிவுரையில் எதை விடலாம் என்று துணிவோடு முடிவெடுக்க இந்த அறிக்கை போல் வேறெதுவும் கைகொடுப்பதில்லை.

மண்டபத்துக்குள்ளும் இதே நோக்கம் தொடரவேண்டும். ஹாவார்ட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1990 களில் வளர்த்தெடுத்த முறையில், விரிவுரையின் நடுவே, பாடக் கருத்து விளங்கியதா என்று பார்க்கும் ஒரு வினா கேட்கப்படும்; ஒவ்வொருவரும் தனியே விடையளிப்பர். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 வீதத்துக்குள் இருந்தால், பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மறுபடி விடையளிக்கச் சொல்லவேண்டும். அதற்குக் குறைந்தால் ஆசிரியர் மீண்டும் விளக்குவதும், கூடினால் அடுத்த கருத்துக்குப் போவதும் முறை. இதற்கு மாணவர் கையில் இணைய வசதி வேண்டியதில்லை. பிளிக்கர்ஸ் என்னும் செயலியில், ஒவ்வொரு மாணவரும் அச்சிட்ட ஓர் அட்டையை தன் விடைக்கேற்ற பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பிடிக்க, விரிவுரையாளரின் ஒரே கைபேசிக் கமரா எல்லாவற்றையும் வாசித்துக்கொள்ளும். மின்சாரம் நின்று எறிகருவி அணைந்தாலும் வினாவைப் பலகையில் எழுதித் தொடரலாம்.

மொழியையும் கவனிக்கவேண்டும். க.பொ.த. உயர்தரத்தைத் தமிழில் கற்றுவந்தவர் இங்கே ஆங்கில மூலத்தில் விஞ்ஞானமோ பொறியியலோ படிக்கிறார். சிங்களம் பேசும் மாணவரும் அதே வாங்கில் இருக்கிறார். மூடிலின் சொல்லடைவில் கலைச்சொற்களை மூன்று மொழியிலும் மாணவரைக் கொண்டே எழுதுவித்து, தன்னியக்க இணைப்பை இயக்கிவிட்டால், பாடப் பக்கத்தில் அச்சொல் வரும் இடமெல்லாம் தொட்டதும் பொருள் திறக்கும். மாணவர் எழுதியதை நீங்கள் பார்த்து அங்கீகரித்த பின்பே வெளிவரும்படி அமைப்பது நல்லது.

அறிவித்தலுக்கு வட்ஸ்அப் குழு போதும். புள்ளிப் பட்டியலை மட்டும் பதிவிலக்கத்தோடு அங்கே இடாதீர்கள். அது மாணவரின் தனிப்பட்ட விடயம், மூடிலில் அவரவர் புள்ளி அவரவருக்கு மட்டுமே தெரியும். ஒப்படைகளைப் பொறுத்தவரை, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதக்கூடிய பொதுவான தலைப்புகளை விட்டுவிட்டு, மாணவர் தாமே அளந்த தரவைக் கேளுங்கள்: தம் ஊர்க் குளத்தின் கீழுள்ள ஒரு வயலின் பரப்பு, காலபோகத்தில் நீர் விட்ட நாட்கள், வாய்க்காலின் ஒரு படம். பின்பு ஐந்து நிமிடம் நேரில் விளக்கச் சொன்னால், அது யாருடைய உழைப்பு என்பது தெரிந்துவிடும்.

பருவ முடிவில், எல்லோரும் சரியாகச் செய்த வினாவையும், நன்றாகப் படிப்பவர்களே பிழைவிட்ட வினாவையும் எடுத்துப் பாருங்கள். முதலாவது மிக எளிதாக இருக்கலாம். இரண்டாவதின் சொல்லமைப்பில் பெரும்பாலும் குழப்பம் இருக்கும். இரண்டையும் திருத்தியபின், மாணவரின் தரவு சேராமல் பாடநெறியின் காப்புப்பிரதியை எடுத்து, ஒன்றைத் துறையின் கணினியிலும் மற்றதைப் பென்டிரைவிலும் வைத்துக்கொண்டால், அடுத்த அணிக்கு அதே அலகை மீளமைத்துவிட்டு இரண்டாவது அலகின் வேலையைத் தொடங்கலாம்.