டிரம்மும் பதிவேடும்: ஆய்வகக் கதிரியக்கக் கழிவைக் கையாளும் முறை

கழிவைப் பிரிக்க வேண்டிய இடம் கழிவுக் கிடங்கு அல்ல, அது உருவாகும் மேசை. கட்டிய பையைப் பிறகு அவிழ்த்துப் பிரித்தால், அவிழ்ப்பவர் வீணாகக் கதிர்வீச்சு வாங்குவார். அதோடு, உள்ளே என்ன போட்டோம் என்பது போட்டவருக்கு மட்டுமே தெரியும், அதுவும் அன்றைக்கு மட்டும்.

முதலில் திடக்கழிவு. காலால் மிதித்துத் திறக்கும் தொட்டிகள் மூன்று வையுங்கள். கையுறை, டிஷ்யூ, பஞ்சு போல அமுக்கவோ எரிக்கவோ முடிந்தவை ஒன்றில்; கண்ணாடி, உலோகம் இன்னொன்றில்; அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம்) குறைந்தவை மூன்றாவதில். ஊசி, பிளேடு எதையும் நேராகப் பையில் போடாதீர்கள். அவற்றுக்குக் கெட்டியான டப்பா தனி. பை முக்கால் நிறைந்ததும் கழுத்தை முறுக்கி, மடித்து, டேப் சுற்றி, இரண்டாவது பைக்குள் இறக்குங்கள்.

அரை ஆயுள் குறைந்தவை பத்து அரை ஆயுள் காத்திருந்தால் கதிரியக்கம் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அயோடின்-131க்கு 80 நாள், பாஸ்பரஸ்-32க்கு 143 நாள். பையை மூடிய தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். இரண்டையும் ஒரே பையில் போட்டால் 143 நாளும் காக்க வேண்டியதுதான். பிறகு மீட்டரில் பார்த்து, கதிர்வீச்சுச் சின்னத்தைக் கிழித்துவிட்டு, விதிப்படி அனுமதி பெற்று வெளியே விடலாம்.

மற்றவை வகைப்படி போகும். இந்தியாவில் திடக்கழிவுப் பொதியின் மேற்பரப்பில் கதிர்வீச்சு அளவு மணிக்கு 2 மில்லிகிரே (உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு) வரை முதல் வகை, 2 முதல் 20 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. புளூட்டோனியம் போல ஆல்ஃபா துகளை வெளிவிடுபவை கலந்த ஆல்ஃபா கழிவு நான்காம் வகை. இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். புளூட்டோனியம் ஒட்டிய கையுறைப் பையின் மேல் சாதாரண சர்வே மீட்டரை வைத்தால் பெரிதாக ஒன்றும் காட்டாது; ஆல்ஃபா துகளைப் பாலித்தீனே தடுத்துவிடும். ஆகவே ஆல்ஃபா க்ளவ் பாக்ஸிலிருந்து (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) வந்ததை, மீட்டர் என்ன சொன்னாலும், ஆல்ஃபா என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

திரவத்தில் வேதியியலையும் பார்க்க வேண்டும். நீர்க்கரைசலும் கரிமக் கரைப்பானும் ஒரே கேனில் சேரக் கூடாது. நைட்ரிக் அமிலத்தோடு டிபிபி (டிரைபியூட்டைல் பாஸ்பேட்) போன்ற கரிமக் கரைப்பான் சேர்ந்து சூடேறினால் வெடிக்கும். 1993 ஏப்ரலில் ரஷ்யாவின் டோம்ஸ்க்-7ல் தொட்டி வெடித்தது இந்தக் கூட்டால்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலக் கழிவுக்குத் தனி கேன்: குளோரைடு, கழிவுத் தொட்டியின் எவர்சில்வரில் குழி விழ வைக்கும். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருளான இடிடிஏ கலந்ததையும் தனியே வையுங்கள். சுத்திகரிப்பில் ஸ்ட்ரான்சியம், கோபால்ட்டை வீழ்படிவாக இறக்கப் பார்ப்பார்கள்; இடிடிஏ அவற்றைப் பிடித்துக்கொண்டு கரைசலிலேயே நிற்கும். அயோடின்-131 கரைசலில் அமிலம் ஊற்றினால் அயோடின் ஆவியாகி மூக்குக்கு வரும். காரத்தன்மையில் வைத்துச் சோடியம் தயோசல்ஃபேட் சேருங்கள். கேனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், கீழே தட்டு வையுங்கள். கதிர்வீச்சு நீரைப் பிளந்து ஹைட்ரஜனை உண்டாக்குவதால், கதிரியக்கம் மிகுந்த கரைசலுக்குக் காற்றுப் போக்கு உள்ள மூடிதான்.

இனி பதிவு. ஒவ்வொரு பொதிக்கும் எண், தனிமங்கள், கதிரியக்க அளவு, அளந்த தேதி, மேற்பரப்பில் கதிர்வீச்சு அளவு, உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள், எடை, மூடியவர் பெயர். இதில் அடிக்கடி விட்டுப்போவது அளந்த தேதி. ‘1 மில்லிக்யூரி கோபால்ட்-60’ என்று மட்டும் எழுதிய சீட்டு 30 ஆண்டு கழித்துக் கிடைத்தால், அது இன்றைய அளவா, அன்றைய அளவா? இரண்டுக்கும் சுமார் 50 மடங்கு வித்தியாசம். பழைய ஏட்டில் கதிரியக்கத்தின் பழைய அலகான க்யூரி இருந்தால் அதை அழிக்காமல் பக்கத்தில் இன்றைய அலகான பெக்கரலை எழுதுங்கள். 1 மில்லிக்யூரி என்பது 37 மெகாபெக்கரல். தெர்மல் பிரிண்டர் சீட்டு வெளுத்துவிடும். கல்பாக்கம் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று டிரம்மின் அடியை முதலில் தின்னும்; அதனால் டிரம்மைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றுங்கள், எண்ணை அலுமினியத் தகட்டில் பொறித்துக் கட்டுங்கள்.

செய்முறை ஏட்டில் ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் எழுதுங்கள். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் நைட்ரேட் உப்புக் கழிவின் ஈரத்தை உறிஞ்சப் பூனைமணல் (வீட்டுப் பூனையின் கழிவுத் தட்டில் போடும் உறிஞ்சுபொருள்) சேர்ப்பது வழக்கமாக இருந்தது. ‘இன்ஆர்கானிக்’ என்று இருக்க வேண்டிய இடத்தில், செய்முறையில் ‘ஆர்கானிக்’ என்று ஏறிவிட்டது. களிமண்ணுக்குப் பதில் கோதுமையில் செய்த மணல் உள்ளே போனது. நைட்ரேட்டுக்குக் கோதுமை எரிபொருள். 2014 பிப்ரவரி 14 அன்று, நியூ மெக்சிகோவில் 655 மீட்டர் ஆழ உப்புப் பாறைக் கிடங்கில் அந்தக் கலவை இருந்த டிரம் சூடேறித் திறந்துகொண்டது. கிடங்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு மூடிக் கிடந்தது. ‘நைட்ரேட்டோடு எரியக்கூடியது எதுவும் சேரக் கூடாது’ என்று பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால், மணலை வாங்கியவரோ கலந்தவரோ நின்று கேட்டிருக்க வாய்ப்பு உண்டு.

கிடங்கை நெடுநாள் அறிந்து, ஓய்வு பெறப்போகிறவரிடம் அரங்கில் உரை கேட்பதால் பெரிய பயனில்லை. பதிவேட்டோடு அவரைக் கிடங்குக்கே அழைத்துப் போங்கள். ‘இதில் எதைத் திறக்க நீங்கள் தயங்குவீர்கள்?’ என்று அலமாரி அலமாரியாகக் கேட்டு, பதிலை அந்தப் பொதி எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். பதிவேட்டின் பிரதி வேறொரு கட்டிடத்தில், தாளிலும், எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய கோப்பிலும் இருக்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டிலிருந்து பத்து எண் எடுத்து டிரம்மைத் தேடுங்கள். பிறகு கிடங்கில் பத்து டிரம்மைக் காட்டிப் பதிவேட்டில் தேடுங்கள். சீட்டில்லாத டிரம் சிக்கினால் ஊகித்து நிரப்பாதீர்கள். ‘அறியப்படாதது’ என்று எழுதித் தனியே நிறுத்தி, உள்ளிருக்கும் கதிரியக்கப் பொருளை அடையாளம் காட்டும் காமா நிறமாலை எடுக்கச் சொல்லுங்கள்.