சவுக்குக் கட்டையால தேயிலை பட்டுப்போனப்ப நான் செஞ்சது

ஹட்டன் பக்கம் எங்க தேயிலைக் காணியில ஒரு இடத்துல மட்டும் செடி திடீர்னு காய்ஞ்சு ஆனா இலை உதிராம அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, உரம் பத்தலன்னு அண்ணன் சொன்னாரு, எனக்கு நம்பிக்கை வரல. வேர்ப்பட்டையை உரிச்சா உள்ள வெள்ளை விசிறியா பூஞ்சணம், வெளிய கறுப்பு பொருக்கு. பக்கத்துல வெட்டி விட்ட பழைய சவுக்குக் கட்டை, அதாங்க சில்வர் ஓக், அதுலருந்துதான் வேருக்கு வேர் தொத்துது. கட்டை, செத்த செடி, சுத்தி பச்சையா நின்ன வரிசை எல்லாத்தையும் புடுங்கி, பென்சில் தடிமன் வேரைக்கூட விடாம பொறுக்கி எரிச்சோம் (முதுகு போச்சு). சுத்தி ஆழமா கான் (வாய்க்கால்) வெட்டி, அந்த இடத்துல குவாத்தமாலா புல்லு போட்டாச்சு, மறுபடி தேயிலை நடுறதுக்கு முன்னாடி 18 மாசமாவது அப்படியே கிடக்கணும். இனிமே சவுக்கு வெட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே பட்டையை வளையமா சீவி விட்டுருவேன், வேர்ல மாச்சத்து தீர்ந்துட்டா பூஞ்சணம் லேசுல ஏறாது.